கணக்கு மூலையா, முழு வகுப்பா, அட்டை ஏணியா?

குச்சி, கொட்டை, மணி என்று கையில் பொருளைக் கொடுத்துத்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதில் இன்று பெரிதாக மாற்றுக் கருத்து இல்லை. தகராறெல்லாம் அதை வகுப்பில் எப்படி நடத்துவது என்பதில்தான். பயிற்சிக் கூட்டத்தில் பெரியவர்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து செய்யும்போது எல்லாம் அழகாக நடக்கும். பள்ளிக்கு வந்தால் 1, 2 வகுப்புகள் ஒரே அறையில், பல இடங்களில் 3-ஆம் வகுப்பும் சேர்ந்து, 25 பிள்ளைகள், ஒரு டீச்சர், 40 நிமிடம். ஈராசிரியர் பள்ளி என்றால் நிலவரம் இப்படித்தான். அந்த அறையை மனதில் வைத்துக்கொண்டே மூன்று வழிகளை ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, மூலைகள். நான்கைந்து இடத்தில் பாய் விரித்து, ஒவ்வொரு பாயிலும் ஒரு தட்டு, ஒரு வேலை. பிள்ளைகள் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து, மணி அடித்ததும் அடுத்த பாய்க்கு மாறுவார்கள். இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே பொருள், ஒரே நேரம், ஒரே கணக்கு. டீச்சர் முன்னால் நின்று நடத்துவார். மூன்றாவது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை நடந்த காலத்து அட்டை ஏணி. ஒவ்வொரு பிள்ளையும் தன் படிக்குரிய அட்டையை எடுத்து, அதில் உள்ள வேலையை முடித்துவிட்டு அடுத்த படிக்கு ஏறும்.

என் ஓட்டு மூலைகளுக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. டீச்சர் ஏதாவது ஒரு பாயில் உட்கார்ந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அறை முழுக்கச் சுற்றிச் சத்தத்தை அடக்கிக்கொண்டிருப்பதுதான் வேலை என்றால், மூலைகளைவிட முழு வகுப்பே மேல்.

32-இல் 17 போனால்

ஏன் அந்த நிபந்தனை என்பது ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முன்னால் மூன்று பத்துக் கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. முதலில் எண்ணச் சொன்னால், கட்டுகளைத் தொட்டு "பத்து, இருபது, முப்பது" என்கிறாள். அதே வேகத்தில் உதிரியையும் தொட்டு "நாற்பது, ஐம்பது" என்று முடிக்கிறாள். பக்கத்துப் பையன் முப்பத்து இரண்டு என்று சரியாகச் சொல்லிவிட்டு, சிலேட்டில் 302 என்று எழுதி வைத்திருக்கிறான். இரண்டும் ஒரே குழப்பத்தின் இரண்டு முகங்கள். கட்டும் உதிரியும் வேறு வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணும்போதும் எழுதும்போதும் அந்த வேறுபாடு நழுவிவிடுகிறது.

சரி, அது நேரானது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 17 எடுக்க வேண்டும். ஒரு கட்டைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இருப்பது இரண்டு. கொஞ்ச நேரம் விழிக்கிறாள். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவிவிடுகிறாள். இப்போது உதிரி 12. ஏழை எடுத்தால் ஐந்து. மீதம் ஒரு கட்டும் ஐந்தும், 15. இன்னொருவன் பிரித்த கட்டிலிருந்தே ஏழை எடுத்துவிட்டு, மிஞ்சிய மூன்றோடு பழைய இரண்டைச் சேர்க்கிறான். அதுவும் 15. நோட்டில் இதே கணக்கைக் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் 'ஏழில் ரெண்டு போனா அஞ்சு, மூணில் ஒண்ணு போனா ரெண்டு' என்று 25 எழுதுவார்கள். குச்சியில் அந்தத் தப்பைச் செய்ய வழியே இல்லை, ஏழு குச்சி அங்கே இல்லை.

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? முழு வகுப்பில் டீச்சர் காதில் விழுவது "பதினைஞ்சு டீச்சர்" என்ற கோரஸ் மட்டும். அதில் பாதி பேர் பக்கத்து விரிப்பைப் பார்த்துச் சொன்னவர்களாக இருக்கலாம். அட்டை முறையில் கண்ணுக்கு வருவது முடிந்த விடை. பாயில் ஐந்து பேரோடு உட்கார்ந்திருக்கும் டீச்சர்தான் அந்த விழிப்பையும் ரப்பர் பேண்டை உருவிய கையையும் பார்க்கிறார். "இப்ப ஏன் பிரிச்ச?" என்று கேட்கவும் அவரால்தான் முடியும்.

முழு வகுப்புக்கும் ஒரு பெருமை உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகச் செய்ததைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்படி வந்தது என்று எல்லாரும் பேசுவது அங்கேதான் நடக்கும். மூலைகளில் அந்தப் பேச்சு சிதறிவிடும். புதிய பாடத்தைத் தொடங்கவும் முழு வகுப்புதான் வசதி. ஆனால் பொருள் கணக்கைப் பாருங்கள்: தலைக்கு 50 குச்சி என்றால் 25 பேருக்கு 1,250 குச்சி. மூலைக்கு 250 போதும். அந்த 1,250-ஐயும் கட்டிவைப்பது, எண்ணித் திரும்ப வாங்குவது, பெஞ்சுக்கு அடியில் உருண்டதைத் தேடுவது எல்லாம் யார் தலையில்?

சுழற்சியில் ஓடும் நேரம்

மூலைகளின் பெரிய ஓட்டை இடம் மாறும் நேரம். 40 நிமிடத்தில் மூன்று மாற்றம் என்று திட்டம் போட்டால், தட்டை அடுக்க, எழ, தள்ளிக்கொள்ள, மறுபடி உட்கார என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் போகும். பாய்க்கு மிஞ்சுவது எட்டு நிமிடம். மேலே சொன்ன பெண் ரப்பர் பேண்டை உருவும் நேரத்தில் மணி அடித்துவிடும்.

அதனால் ஒரே பீரியடில் சுழற்றுவதை விட்டுவிட்டு, நாளைக்கு ஒரு மூலை என்று வைப்பது நல்லது. ஐந்து குழு, ஐந்து நாள். முதல் பத்து நிமிடம் முழு வகுப்பாகப் பேச்சு, 25 நிமிடம் மூலை, கடைசி ஐந்து நிமிடம் அடுக்கிவைக்க. ஒவ்வொரு குழுவும் வாரத்தில் ஒரு நாள் டீச்சர் பாய்க்கு வந்துவிடும். மணி அடித்து ஆளை மாற்றும் பரபரப்பு கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு 25 நிமிடம் ஒரே வேலை தாங்காது. அவர்கள் தட்டில் மட்டும் இரண்டு வேலை வைக்கலாம்.

அப்புறம், டீச்சர் இல்லாத நான்கு மூலையில் என்ன வைப்பது என்பது முக்கியம். தெரிந்ததைத் திரும்பச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும், தப்பு நடந்தால் பிள்ளைகளுக்கே தெரிய வேண்டும். விளையாட்டுகள் இதற்குப் பொருத்தம், எதிராளியே காவல்காரன். பல்லாங்குழியில் குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுவார்கள். எண்ணாமலே நான்கை நான்காகப் பார்க்கும் கண் அதில் வந்துவிடுகிறது. தாயக்கட்டையில் இரண்டு முகத்தையும் கூட்டியாக வேண்டும், தப்பாகக் கூட்டினால் மற்றவன் விடமாட்டான்.

எண்பலகை விளையாட்டுக்கு ஆய்வு ஆதரவும் இருக்கிறது. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளை, பள்ளியில் சேரும் வயதுக்கு முன்பே, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட பலகையில் விளையாட வைத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு முறை ஆடிய பிறகு எண்ணின் அளவு பற்றிய பிடிப்பு நன்றாகவே கூடியிருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பிறகு வட்டமான பலகையை வைத்துப் பார்த்தபோதும் நேர்கோடுதான் ஜெயித்தது. இதில் வகுப்புக்கு வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. நான்கில் காய் இருந்து இரண்டு விழுந்தால் பிள்ளை "ஐந்து, ஆறு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். "ஒன்று, இரண்டு" என்றால் பலன் குறைவு. ஒரு சார்ட் அட்டையும் புளியங்கொட்டையும் இருந்தால் இந்த மூலை தயார்.

கடை மூலை பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம். தராசு, பொட்டலம், காகித ரூபாய் என்று பார்க்க ஜோராக இருக்கும், அதிகாரி வரும் நாளில் அதற்குத்தான் மவுசு. பத்து நிமிடம் யார் கடைக்காரர் என்ற சண்டையிலேயே போய்விடும். பொருள் எவ்வளவு நிஜம்போல இருக்கிறதோ அவ்வளவு தூரம் பிள்ளையின் கவனம் விளையாட்டுக்குப் போகும். வாரம் ஒருமுறை டீச்சர் பாயிலேயே கடை போட்டால் உருப்படும்.

அட்டை ஏணியின் பலம்

ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைப் பார்த்துத்தான், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பாய், தட்டு, பிள்ளை எழுத எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் நம் வகுப்புகளுக்குப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். இன்று மூலை அமைக்கும் டீச்சருக்குப் பாதி வேலையை அது ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

ஏணியைப் போல வேறு எதுவும் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை மாதக் கணக்கில் கழித்துத் திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். முழு வகுப்பு முறையில் அந்தப் பிள்ளை நடுவில் தொலைந்துபோகும். மூலைகளிலும் அது பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

குறை என்னவென்றால், நாளடைவில் பொருள் போய் அட்டை மட்டும் மிஞ்சுகிறது. 'எட்டுக் கொட்டைகளை எடு' என்பது அட்டையில் எட்டுக் கொட்டைகளின் படமாகிவிடும். பிள்ளை படத்தை எண்ணி அடுத்த படிக்கு ஏறிவிடும். 25 பேர் 25 படியில் நிற்கும்போது சேர்ந்து பேச ஒரு கணக்கும் இருக்காது. டீச்சர் குறித்துக் கையெழுத்துப் போடுபவராகிவிடுவார்.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஏணியையும் மூலையையும் கலந்து பார்க்கிறது. 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, செயல்பாட்டுக்கும் கதைக்கும் பாடலுக்கும் தனித்தனிக் களம் வைக்கச் சொல்கிறது. நிலை பிரிப்பதில் எனக்கு ஒரு திருத்தம் மட்டும். டீச்சர் பாய்க்கு ஒரே நிலைப் பிள்ளைகளை அழைக்கலாம். மற்ற மூலைகளில் கலந்து உட்கார வைக்க வேண்டும். எண்ணை எழுதத் திணறும் அரும்புப் பிள்ளை தாயத்தில் மலரை மண்ணைக் கவ்வ வைக்கும். அதை மற்றவர்கள் பார்க்கட்டும்.

(மாண்டிசோரி வகுப்பு நான்காவது வழி. பிள்ளை தானே பொருளைத் தேர்ந்தெடுத்து, மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் வேலை செய்யும். 1939-இல் மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தியதால் சென்னைக்கு அது புதிதல்ல. 40 நிமிட பீரியடுக்குள் அதை மடக்கி வைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.)

தட்டில் எதை வைப்பது

கடையில் விற்கும் பத்தடிமானக் கட்டைகள், அதாவது ஒன்றுக்குச் சிறு கனசதுரம், பத்துக்குக் கோல், நூறுக்குத் தட்டை, பார்க்க நேர்த்தியானவை. ஆனால் பத்தின் கோலைப் பிரிக்க முடியாது. 32-இல் 17 எடுக்க, கோலைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பத்துச் சிறு கட்டைகளை மாற்றி வாங்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் கோலைத் திருப்பித் தராமலே பத்தை எடுத்துக்கொள்ளும், கையில் 42 ஆகிவிடும். முதல் ஒன்றரை வருடத்துக்கு ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும்தான் என் தேர்வு. பத்தைக் கட்டியதும் அதே கை, பிரிப்பதும் அதே கை.

பெல்ஜிய ஆசிரியர் குசினேர் செய்த வண்ணக் கோல்கள் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளத்தில் வரும். பத்தை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்பதற்கு அருமையானவை: ஆரஞ்சுக் கோலுக்குக் கீழே கறுப்பும் இளம்பச்சையும் வைத்தால் ஏழும் மூன்றும். ஆனால் சில பிள்ளைகளுக்கு மஞ்சள் என்பதே ஐந்தின் பெயராகிவிடும்.

பத்துப் பத்தாக நிறம் மாறும் 100 மணிச் சரம் வேறு வேலைக்கு. 38 எங்கே என்றால் நான்கு பத்து தள்ளிப் போய் இரண்டு பின்னால் வருகிற பிள்ளைக்கு, 38 நாற்பதை ஒட்டி இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. குச்சிக்கட்டு இதைக் காட்டாது. எனவே இரண்டும் வேண்டும், ஒரே தட்டில் வேண்டாம்.

3-ஆம் வகுப்பில் நூறுகள் வந்ததும் குச்சி தோற்றுவிடும். 346 குச்சியைத் தட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே பீரோவில் பூட்டிக்கிடக்கும் கட்டைப் பெட்டியைத் திறக்கலாம். அதற்குள் பிள்ளைகள் பிரித்துக் கட்டிப் பழகியிருப்பார்கள், மாற்றி வாங்குவது சிரமமாக இருக்காது.

வகுப்பில் 40 பேரைத் தாண்டினால் ஐந்து மூலை என்ற யோசனையே வேண்டாம். எட்டுப் பேர் ஒரு பாயில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கையில்தான் பொருள் இருக்கும். பாதி வகுப்பு நோட்டில் எழுதட்டும், கால் வகுப்பு ஜோடி ஜோடியாக எண்பலகை ஆடட்டும், மீதிக் கால் வகுப்பு டீச்சரோடு குச்சியில் உட்காரட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.