ஒரே லென்ஸ், இரண்டு கேமரா: நிக்கான் பி900-உம் பி950-உம்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவைகள் சாலையோரத்துக்கு வந்து நிற்பதில்லை. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையின் ஓரத்தில் நாம் நிற்போம், பூநாரைகள் சதுப்பின் நடுவில் நிற்கும். இறங்கிப் போக முடியாது, போகவும் கூடாது. இடையில் இருக்கும் தூரத்தை லென்ஸ்தான் கடந்தாக வேண்டும். 600 மி.மீ. லென்ஸும் அதற்கேற்ற கேமராவும் வாங்க லட்சங்கள் வேண்டும், சுமக்கத் தோளும் வேண்டும். அதனால்தான் பறவை பார்க்கும் நம் ஆட்களில் நிறையப் பேர் கழுத்தில் ஒரு சூப்பர்ஜூம் தொங்குகிறது, அதாவது கழற்ற முடியாத ஒரே லென்ஸில் வெகுதூரத்தை இழுத்துக் காட்டும் கேமரா.

அதில் நிக்கான் கூல்பிக்ஸ் பி900-க்குத் தனி இடம் உண்டு. 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது 83 மடங்கு ஜூம் என்பதையே பலர் நம்பவில்லை. 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சொன்னால் 24-லிருந்து 2000 மி.மீ. வரை. ஐந்து ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில், பி950 வந்தது. நான் பி900-ஐ ஏழு பனிக்காலம் சுமந்திருக்கிறேன். கடைசி இரண்டு பனிக்காலம் பி950-உம் கூடவே இருந்தது. ஏரிக்கரையில் யாரைப் பார்த்தாலும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அண்ணே, பழசைக் குடுத்துட்டு இதை வாங்கலாமா?"

பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இரண்டிலும் லென்ஸின் எண்கள் அச்சு அசல் ஒன்றே. 4.3-லிருந்து 357 மி.மீ. என்ற உண்மையான குவியத்தூரம் (படத்தைப் பதியும் சில்லான சென்சார் சிறியது என்பதால் இதுவே ஃபிலிம் கணக்கில் 24-2000 ஆகிறது), எஃப்/2.8-இல் தொடங்கி முழு ஜூமில் எஃப்/6.5-ஆகச் சுருங்கும் ஒளித்துளை, முன்னால் மாட்டும் 67 மி.மீ. ஃபில்டர் வரை மாற்றமில்லை. சென்சாரும் அதே 1/2.3 அங்குலம், அதே 16 மெகாபிக்சல். ஆகவே பி950 வாங்கினால் பறவை இன்னும் கிட்டே வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 50 மீட்டர் தூரத்தில் முழு ஜூமில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு, உயரம் சுமார் 65 செ.மீ. அங்கே ஒரு சிறு மீன்கொத்தி உட்கார்ந்தால் சட்டத்தின் உயரத்தில் கால்வாசியை எடுத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரை நின்றால் தலையோ காலோ வெட்டுப்படும். நிலாவை எடுத்தால் உயரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி நிறையும். இந்தக் கணக்கு இரண்டு கேமராவுக்கும் பொது.

அப்படியானால் ஐந்து ஆண்டில் மாறியது என்ன? கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருப்பதும், சென்சாருக்கும் கார்டுக்கும் நடுவில் இருப்பதும் மாறியிருக்கின்றன. என் அனுபவத்தில் இந்த இரண்டும்தான் பெரிய விஷயம்.

முதலில் வியூஃபைண்டர், அதாவது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் சின்னத் திரை. 2000 மி.மீ.-இல் கேமராவைப் பின்திரையைப் பார்த்தபடி கையை நீட்டிப் பிடித்துப் படமெடுக்க முடியாது. கண்ணில் ஒட்டி, முழங்கைகளை விலாவில் அழுத்தினால்தான் சட்டம் ஓரளவு நிற்கும். அதிலும் வெயில் ஏறிவிட்டால் பின்திரையில் நம் முகம்தான் தெரியும். பி900-இன் வியூஃபைண்டர் 0.2 அங்குலம், 9 லட்சத்து 21 ஆயிரம் புள்ளிகள். பறவை இருக்கிறது என்பது தெரியும். அதன் கண் ஃபோகஸில் இருக்கிறதா, அதற்கு முன்னால் நிற்கும் கோரைப்புல் ஃபோகஸில் இருக்கிறதா என்பது வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால்தான் தெரியும். பி950-இல் அது 0.39 அங்குலம், 23 லட்சத்து 59 ஆயிரம் புள்ளிகள். கண்ணை வைத்த முதல் நொடியிலேயே வித்தியாசம் புரிந்துவிடும். கோரைக்குள் ஒளிந்து நடக்கும் தாழைக்கோழியை எடுக்கும்போது, கேமரா எதைப் பிடித்திருக்கிறது என்பதை அங்கேயே பார்த்துத் திருத்த முடிகிறது.

திருத்துவதற்கும் பி950-இல் வழி எளிது. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு டயல் இருக்கிறது, கையால் ஃபோகஸ் செய்ய அதைச் சுழற்றினால் போதும். பி900-இலும் கையால் ஃபோகஸ் செய்யலாம், ஆனால் அதில் இந்த டயல் இல்லை, நான் பின்பக்கப் பொத்தானில்தான் செய்வேன். இடது கை லென்ஸைத் தாங்க, வலது கட்டைவிரல் பொத்தானைத் துழாவும் நேரத்தில் தாழைக்கோழி உள்ளே போய்விடும். பறவையைத் தேடும்போது அழுத்தினால் ஜூம் சற்றுப் பின்வாங்கி, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும் பொத்தான் இரண்டிலும் உண்டு. அதைப் பயன்படுத்தாமலே சட்டத்துக்குள் பறவையைத் தேடித் தவிக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். முதலில் அதைப் பழகுங்கள்.

அடுத்தது ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் கோப்பு. பி900-இல் அது கிடையாது. ஜேபெக் மட்டும்தான். கேமரா தானே இரைச்சலை (படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகளை) துடைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கி, மீதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வெயிலில் நிற்கும் கொக்கை எடுத்துப் பாருங்கள். முதுகில் இறகு இறகாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகிவிடும். அதற்கு நான் கண்ட வழி, வெள்ளைப் பறவை என்றால் வெளிச்ச ஈடு செய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) -0.7-க்கு இறக்கிவிடுவது. பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் அதே சட்டத்தில் கறுப்பு நாமக்கோழியும் நின்றால் அது கரிக்கட்டையாகிவிடும். பி950-இன் ரா கோப்பில் இந்தப் பிரச்சினை முழுக்கத் தீராது, ஏனென்றால் சென்சார் சிறியது. ஆனாலும் வெள்ளையில் ஒளிந்திருக்கும் இறகுக் கோடுகளைக் கொஞ்சம் இழுத்து எடுக்கலாம், நிழலைக் கொஞ்சம் தூக்கலாம், இரைச்சலை எவ்வளவு துடைப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். விடியற்காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் போதாமல் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 800-க்கு ஏற்றி எடுத்த படங்களை இரண்டு கேமராவிலிருந்தும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பி900-இன் படத்தில் வாத்தின் மார்பு மெழுகுப் பொம்மைபோல் வழவழப்பாக இருந்தது. பி950-இன் ரா கோப்பைப் பொறுமையாகச் செதுக்கியபோது மார்பில் செதில் செதிலான கோலம் வந்தது. உள்ளான்களிலும் வல்லூறுகளிலும் இனம் பிரித்துச் சொல்ல இந்த மாதிரிச் சின்ன அடையாளங்கள்தான் ஆதாரம் என்பது பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கணினியில் உட்காரப் பிடிக்காதவர்களுக்கு இதில் பயன் எதுவும் இல்லை. ஜேபெக்கிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு கேமராவின் படத்துக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி950-இல் 4கே வீடியோ, வெளி மைக் செருகும் துளை, ஃபிளாஷ் மாட்டும் ஷூ எல்லாம் வந்திருக்கின்றன. பி900-இன் வீடியோ முழு எச்டி-யோடு நிற்கும். பறவை, நிலா இரண்டுக்கும் தனி முறைகள் பி900-இல் மெனுவுக்குள் இருந்தன, பி950-இல் மேல் டயலுக்கே வந்துவிட்டன. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு 5 ஸ்டாப்பிலிருந்து 5.5 ஆகியிருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்) என்று நிறுவனம் சொல்கிறது. அந்த அரை ஸ்டாப் என் கைக்குத் தெரியவில்லை.

பறக்கும் பறவைக்கு இரண்டுமே ஏற்றவை அல்ல. படத்தில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள மாறுபாட்டை வைத்துத்தான் இரண்டும் ஃபோகஸ் பிடிக்கின்றன, அதாவது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். கோரைமேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தை அது தேடி முடிப்பதற்குள் பருந்து அடுத்த வாய்க்காலுக்குப் போயிருக்கும். இரண்டுமே விநாடிக்கு 7 படம் எடுக்கும். பி900 7 படத்தோடு நின்று கார்டில் எழுதப் போய்விடும், பி950 10 வரை தாங்கும். தகைவிலானைத் துரத்த அதுவும் போதாது.

இனி, புதியதில் இழந்தது. இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள், ஆனால் எனக்கு இது முக்கியம். பி900-க்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது. பி950-இல் அதை எடுத்துவிட்டார்கள். இடக்குறிப்பு வேண்டும் என்றால் கைபேசியை ஸ்னாப்பிரிட்ஜ் செயலி வழியாகக் கேமராவோடு இணைத்து வைத்திருக்க வேண்டும். இணைப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரே காலையில் மூன்று ஏரிக்குப் போகிறோம். எந்த உள்ளான் எந்த ஏரியில் என்பது மாலையில் குழம்பாமல் இருக்கப் படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்பது பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியும். ஜிபிஎஸ் பேட்டரியைத் தின்னும், முதல்முறை செயற்கைக்கோளைப் பிடிக்கச் சற்று நேரமாகும், உண்மைதான். அப்படியும் நான் அதை அணைத்ததில்லை.

பேட்டரியிலும் பின்னடைவுதான். தர அளவீட்டின்படி பி900 ஒரு சார்ஜில் சுமார் 360 படம், பி950 சுமார் 290 படம். பேட்டரிகளும் வேறு வேறு, பழையதை இதில் போட முடியாது. எடை 899 கிராமிலிருந்து 1005 கிராமுக்கு ஏறிவிட்டது. 106 கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றும். வேடந்தாங்கல் கரையில் மூன்று மணி நேரம் நடந்த பிறகு கழுத்தைக் கேட்டால் சொல்லும்.

இந்த இடத்தில் "அப்படியானால் பி1000?" என்று கேட்பார்கள். 2018-இல் வந்த அந்தக் கேமரா 125 மடங்கு ஜூம், 3000 மி.மீ. வரை போகும். எண் மயக்குகிறது. ஆனால் நுணுக்கத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் நீளம் மட்டுமில்லை, ஒளி நுழையும் வாயின் அகலமும்தான். பி900, பி950 இரண்டிலும் முழு ஜூமில் அந்த வாய் 55 மி.மீ. (357-ஐ 6.5-ஆல் வகுத்தால் வருவது). பி1000 முழு ஜூமில் 539 மி.மீ., எஃப்/8, ஆக 67 மி.மீ. உருவம் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, நுணுக்கம் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். ஏனென்றால் இவ்வளவு சிறிய சென்சாரில் ஒளியின் விளிம்பு விலகல் (துளை வழியாக வரும் ஒளி விரிந்து பரவுவது) ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டது. எஃப்/6.5-இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சார்மேல் ஏறக்குறைய 8.7 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வட்டமாகப் பரவும், ஒரு பிக்சலின் அகலமோ 1.34 மைக்ரான்தான். மெகாபிக்சலைக் கூட்டினாலும் பயனில்லாததற்கும் இதுவே காரணம். அந்தக் கூடுதல் நுணுக்கத்துக்காக 1415 கிராம் சுமக்க வேண்டும். போதாதற்கு நம் ஊரில் காலை ஒன்பது மணிக்குமேல் தண்ணீர்ப்பரப்பில் கானல் ஆட ஆரம்பித்துவிடும். 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவை கொதிக்கும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எந்த லென்ஸும் அதைத் தாண்டாது. நிலா, கப்பல், விமானம் எடுப்பவர்கள் பி1000 வாங்கட்டும். நடந்து பறவை பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, என் தீர்ப்பு. கையில் பி900 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், பட்டியலும் பதிவும்தான் உங்கள் நோக்கம் என்றால், விற்காதீர்கள். ஜிபிஎஸ் ஒன்றுக்காகவே அதை வைத்திருக்கலாம். படத்தை மெருகேற்றும் ஆசையும் கணினியில் உட்காரும் பொறுமையும் இருந்தால், அல்லது கண்ணாடி போட்டவராக இருந்து சின்ன வியூஃபைண்டரில் திணறினால், பி950 வாங்குங்கள். முதல் கேமராவாக வாங்குபவருக்கும் பி950-ஐத்தான் சொல்வேன். ரா கோப்பு இன்று வேண்டாம் என்றாலும் இரண்டு ஆண்டில் வேண்டும் என்று தோன்றும்.

பழைய பி900-ஐ இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். ஜூமை முழுக்க நீட்டி, முழுக்க மடக்கி, ஐந்தாறு தடவை காதை வைத்துக் கேளுங்கள். சீரான ஒலி வர வேண்டும், கரகரப்போ திக்கலோ இருந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரை எஃப்/8-இல் நடு ஜூமில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வகை லென்ஸ் நீளும்போதும் மடங்கும்போதும் காற்றை இழுக்கும், கூடவே தூசியும் உள்ளே போகும். லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சார்மேல் விழுந்த தூசியை நாமாகத் துடைக்க வழியில்லை. மூன்றாவது, பேட்டரியை வெளியே எடுத்து மேசைமேல் சமமாக வைத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் ஆடும். இரண்டு கேமராவுக்குமே மழை, தூசித் தடுப்பு இல்லை என்பதால் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும்.

என் பி900 இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. பெரும்பாக்கம் ஏரிக்குச் சைக்கிளில் போய் எடுத்துக்கொண்டு வருகிறாள். போன வாரம் ஓர் உள்ளானின் படத்தை அனுப்பி, "மாமா, இது என்ன?" என்று கேட்டாள். இறக்கைக் கோடு மங்கலாகத்தான் இருந்தது, என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏரியின் எந்த மூலையில் நின்று எடுத்தாள் என்பது படத்துக்குள்ளேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பி950-ஐ எடுத்துக்கொண்டு அதே மூலைக்கு இருவரும் போகிறோம்.