அட்டையில் விருது, 38-ஆம் குறிப்பில் என் பணம்

நாலு லட்சம் ரூபாய். பத்து நாளைக்கு முன்னாடி வட்டி வந்திருக்கணும், வரலை. 'தற்காலிகப் பணப்புழக்க நெருக்கடி'ன்னு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஒரு வரி போட்டுட்டு கம்பெனி கையைக் கழுவிடுச்சு. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, நான் வாங்கினது அவங்க என்சிடி, அதாவது பங்கா மாத்த முடியாத கடன்பத்திரம். எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில் விளக்கமாச் சொல்றேன்.

ஏமாந்த இடம் இதுதான். ஏஜென்ட் தம்பி ஆண்டறிக்கையை விரிச்சு வெச்சு ஒவ்வொரு போட்டோவையும் நகத்தால் தட்டினான். "இவர் ரிட்டயர்டு ஐஏஎஸ் சார். இவர் பேங்க்ல பெரிய போஸ்ட்ல இருந்தவர். எல்லாரும் இண்டிபெண்டன்ட் டைரக்டர், முதலாளிக்குச் சம்பந்தமில்லாதவங்க. தப்பு நடக்க விடுவாங்களா?" அட்டையில் நல்ல நிர்வாகத்துக்கு வாங்கின விருது, கண்ணாடிக் கோப்பை. அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சத்யம்ங்கிற ஐடி கம்பெனியும் 2008-ல் இப்படி விருது வாங்கின கம்பெனிதான். 2009 ஜனவரி 7-ல் சேர்மனே கணக்கு பொய்னு கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே எனக்கு இது தெரியும். தெரிஞ்சும்!

இப்போ அதே புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிறேன். பொடி எழுத்தில் 38-ஆம் குறிப்பு, ரிலேட்டட் பார்ட்டி: முதலாளிக்கு வேண்டியவங்களோட நடந்த கொடுக்கல் வாங்கல். முதலாளியின் மச்சான் கம்பெனிக்குக் கடன், மகள் கம்பெனிக்குக் கடன், ஈடு கிடையாது. கணக்கைக் கவனிக்கிற டைரக்டர்கள் குழுவான ஆடிட் கமிட்டியோட ஒப்புதலும் இருக்கு. என் நாலு லட்சம் போன வழி அது. ஆடிட்டர் பாதியில் விலகியிருக்கார், காரணம் 'வேலைப்பளு'வாம்.

கஸ்டமர் கேர் மூணு தடவையும் "சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிட்டோம்". கம்பெனி செகரட்டரிக்கு மெயில் போட்டா ஆட்டோ ரிப்ளை. கடன்பத்திரம் வாங்கினவங்க சார்பில் பார்த்துக்கிற டிபெஞ்சர் டிரஸ்டி ஆபீஸில், பத்திரம் வெச்சிருக்கிற மத்தவங்களும் ஓட்டுப் போட்டாத்தான் அடுத்த வேலைன்னாங்க. கடைசியில் அந்த ரிட்டயர்டு அதிகாரி நம்பரையே பிடிச்சேன். "நான் மீட்டிங்குக்கு வர்றவன்பா, தினசரி நிர்வாகம் எனக்கெப்படித் தெரியும்?" கம்பெனிச் சட்டம் 149(12)-ஐயும் அவரே எடுத்துச் சொன்னார்: தெரிஞ்சு நடந்திருந்தாத்தான் பொறுப்பாம். கவனமா இல்லாட்டியும் பொறுப்புன்னு அதே பிரிவில் இருக்கிறதை விட்டுட்டார். இப்படி ஒரு டைரக்டர் ஒரு மீட்டிங்குக்கு ஒரு லட்சம் வரை வாங்கச் சட்டத்தில் இடம் உண்டு. நாலு மீட்டிங் வந்தா என் நாலு லட்சம்.

விளக்கமா எழுதலாம்னு உட்கார்ந்தேன், கை ஓடலை. ரிலேட்டட் பார்ட்டி குறிப்பை முதல்ல படிங்க. ஆடிட்டர் பாதியில் ஓடினா நீங்களும் ஓடுங்க. ரேட்டிங்கை நம்பாதீங்க, கடனைக் கட்ட முடியாம விழுந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் ஃபைனான்ஸ் குழுமத்துக்கும் 2018 ஜூலை வரைக்கும் டிரிபிள் ஏ, அதாவது உச்ச ரேட்டிங். பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியோட புகார் தளமான ஸ்கோர்ஸில் புகார் போட்டிருக்கேன், கம்பெனிக்கு 21 நாள் டைம். இன்னைக்கு மூணாவது நாள்.