இலவச சட்ட உதவி: போராட்டத்துல புடிச்சுட்டு போனா முதல்ல இங்க போங்க

தர்ணால இருந்த எங்க தெரு பசங்கள வேன்ல ஏத்திட்டு போயிட்டாங்க, எந்த ஸ்டேஷன்னு கேட்டா ஒருத்தரும் வாய தொறக்கல, ஒரு பையனோட அம்மா அழுதுகிட்டே நிக்குறாங்க. 15100ங்கற இலவச சட்ட உதவி நம்பருக்கு போன் போட்டுட்டு கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போனோம். கஸ்டடில இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் ஃப்ரீ, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்துலயே இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியல! வந்த வக்கீலம்மா பசங்க பேரு, சட்டை கலரு, வேன் நம்பர் எல்லாம் எழுதி வாங்கிட்டு, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியாகணும், இல்லேன்னா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு (புடிச்சு வச்சிருக்கறவங்கள கோர்ட் முன்னாடி கொண்டு வந்து நிறுத்தச் சொல்ற மனு) போடலாம்னு பொறுமையா சொன்னாங்க, அந்த அம்மாவுக்கு அப்பதான் உயிரே வந்துச்சு. ஒரு பைசா கேக்கல. ராத்திரியும் டூட்டி வக்கீல் இருந்தா இன்னும் எத்தனையோ குடும்பத்துக்கு உதவும்.