சினாலஜி டிஎஸ்223ஜே: வீட்டு நெட்வேர்க்கில் பெட்டி தெரியாவிட்டால்

இது வீட்டு நெட்வேர்க்கில் பூட்டி, எல்லாக் கணினிகளும் பகிரும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி. இரண்டு ஹார்ட் டிஸ்க் போடலாம். டிஸ்க் தனியாக வாங்கவேண்டும். கலியாண வீடியோ, குடும்பப் படங்கள் வைக்க நல்ல பெட்டி. லான் துளை (நெட்வேர்க் வயர் பூட்டும் இடம்) ஒன்றே ஒன்றுதான், அது பெரிய குறை: ஐப்பசி இடிமின்னலில் அந்தத் துளை போனால் வேறு வழியில்லை. லான் விளக்கு எரியாவிட்டால் முதலில் வயரையும் றவுட்டர் துளையையும் மாற்றிப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் கணினியில் தெரியவில்லையா? 4ஜி றவுட்டரிலிருந்து ஃபைபருக்கு மாறிய வீடுகளில் இதுதான் சிக்கல். முன்னையது பலவேளை 192.168.8 வரிசையில் முகவரி கொடுக்கும், பின்னையது 192.168.1 வரிசையில். பெட்டிக்கு நிலையான முகவரி போட்டிருந்தால் அது பழைய வரிசையிலேயே நிற்கும். பின்பக்க ரீசெட் துளையில் ஊசியை விட்டு, ஒரு பீப் கேட்கும்வரை சுமார் 4 செக்கன் அழுத்தி, உடனே விடுங்கள். நிர்வாகக் கடவுச்சொல், நெட்வேர்க் அமைப்பு போன்றவை அழிந்து, பெட்டி றவுட்டரிடம் புது முகவரி வாங்கும். கோப்புகள் அப்படியே இருக்கும். தொடர்ந்து இரண்டாம் முறை அழுத்தவேண்டாம். இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் நிலைக்குப் போய்விடும். பிறகு முகவரியைப் பெட்டியில் அல்ல, றவுட்டரில் ஒதுக்கி வையுங்கள்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபின் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவு பொதுவாக வேலைசெய்யாது. பெட்டியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கைத் திறந்து, கோப்புறைக்கு அனுமதி கொடுத்தால் அதைக்கொண்டு திறக்கலாம். கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் யூஎஸ்பி வயர் உள்ள, பெட்டிக்குப் பொருந்தும் யூபிஎஸ் பூட்டி, பெட்டியின் அமைப்பில் யூபிஎஸ் ஆதரவை இயக்குங்கள். மின்கலம் தீருமுன் பெட்டி தானாக ஒழுங்காக நிற்கும்.