புவியியலின் முதல் பாடம்: சுவர் வரைபடமா, உலக உருண்டையா, பள்ளித் தெருவா?

மூன்றாம் வகுப்பில் புவியியலைத் தொடங்க ஆசிரியர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: சுவரில் வரைபடத்தை மாட்டுவது, மேசைமேல் உலக உருண்டையை வைப்பது, பள்ளியைச் சுற்றியுள்ள தெருவைப் பிள்ளைகளையே வரையச் செய்வது.

சுவர் வரைபடம் விலை குறைவு. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் அது செங்குத்தாகத் தொங்குவதால், வடக்கு என்றால் மேலே என்று பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனைமலைப் பகுதியிலிருந்து இறங்கி, தாராபுரம் வழியாக வடகிழக்கே ஓடி, கரூர் அருகே காவிரியில் கலக்கும் அமராவதியைச் சுவரில் காட்டினால், தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்று ஒரு பிள்ளை கேட்பது இயல்பே. அதே படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை உண்மையான வடக்கோடு பொருத்தினால் குழப்பம் பெரிதும் தீரும். உலகப் படத்தில் வேறொரு சிக்கல் உண்டு: உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்டும் முறைகளில் ஒன்றான மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில், ஆப்பிரிக்காவின் பரப்பில் ஏறத்தாழ 14-இல் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து அதற்கு ஈடாகத் தெரியும்.

உருண்டையில் இந்தத் திரிபு இல்லை. இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கோடு பகலிரவை விளக்க இதற்கு இணையும் இல்லை. எனினும் 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே இருப்பது ஒன்றரை செ.மீ. மட்டுமே, தன் ஊரைத் தேடும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே எதுவும் கிடைக்காது.

என் தேர்வு தெருதான். பென்சில் பெட்டியை மேலிருந்து பார்த்து வரையக் கற்ற பிள்ளை, பிறகு வகுப்பறையையும், அடுத்துத் தெருவையும் அப்படியே பார்க்கப் பழகுகிறது; பள்ளி வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை காலடிகளை எண்ணி, பத்து அடிக்கு ஒரு கட்டம் என்று தாளில் குறிக்கும்போது அளவுகோல் என்பது அதற்குத் தானே விளங்கிவிடுகிறது. திசையை மட்டும் கவனமாகக் கற்பிக்க வேண்டும். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று சொல்லிக்கொடுப்பது நம் நிலப்பகுதிக்குப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சிக்கு நேராக வருவதால், இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு குச்சியை நட்டு இதைக் காட்டிவிட்டு, டிசம்பரில் மீண்டும் நட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

இவ்வழிக்கு நேரம் மிகுதியாகத் தேவை. போக்குவரத்து மிகுந்த சாலையோரப் பள்ளிகளில், ஒரே ஆசிரியர் மொத்த வகுப்பையும் வெளியே அழைத்துச் செல்வது பாதுகாப்பும் அல்ல. அத்தகைய இடங்களில் பள்ளி வளாகமே போதும். உருண்டை பகலிரவுப் பாடத்துக்கு உடனிருக்கட்டும். நான்காம் வகுப்பில் தரையில் முதலில் விரிக்க வேண்டியது மாவட்ட வரைபடம். தாங்கள் வரைந்த தெரு எந்தச் சாலையில் போய்ச் சேர்கிறதோ, அந்தச் சாலையைப் பிள்ளைகளால் அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.