தீக்கல்லா, இன்லைனா: குழலைத் துடைப்பவர் பார்வையில் ஓர் ஒப்பீடு

குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைச் சிங்கப்பூரில் உரிமமின்றி வைத்திருக்க இயலாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசிக்கும் என் மைத்துனரிடம் அந்த வகையில் இன்லைன் என்னும் நவீனத் துப்பாக்கி ஒன்றும் பழைய பாணித் தீக்கல் துப்பாக்கி ஒன்றும் உள்ளன. அவரோடு இரண்டையும் இலக்குப் பலகையில் சுட்டு, மாலையில் துடைத்தும் பார்த்த பிறகு, மான் வேட்டைக்குப் புதிதாக வாங்குபவருக்கு இன்லைனையே சொல்வேன்.

தீக்கல் துப்பாக்கியில், கல் இரும்பில் உரசிய பொறி பக்கவாட்டுக் கிண்ணத்து மென்தூளைப் பற்றவைத்து, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் நுழைய வேண்டும். தூறல் கிண்ணத்தில் இறங்கினால் மருந்து பற்றாது. 1985இல் டோனி நைட்டின் எம்கே-85 பரவலாக்கிய இன்லைன் அமைப்பிலோ, தீ மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பாய்கிறது. இன்று பெரும்பாலும் 209 பிரைமர் என்னும் சிறு பற்றவைப்புக் குப்பியே அதற்குப் பயன்படுகிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது துடைப்புதான். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் சேரும் கருமருந்து எரிந்தபின் விட்டுச்செல்லும் உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பதால், அன்றைக்கே துடைத்தாக வேண்டும். முதல் துணி அழுகிய முட்டை நாற்றத்தோடு கரிச்சேறாக வரும். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்க்கத் தேய்க்கத்தான் துணி வெளுக்கும். சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் துடைத்த குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பழகிய எனக்கு, பின்புறம் நிரந்தரமாக அடைபட்ட தீக்கல் துப்பாக்கியில் துணியின் நிறத்தை மட்டும் நம்புவது மனத்துக்கு ஒப்பவில்லை. இன்லைனில், உள்ளே மருந்தில்லை என்பதை, மருந்தைக் கெட்டிக்கும் திணிகோலைக் குழலுக்குள் விட்டு அதன் அடையாளக் கோட்டால் உறுதிசெய்துகொண்டு பின்னடைப்பைத் திருகி எடுத்தால், குழல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அடைப்பின் மரையில் கிரீஸ் தடவாமல் திருகிவிட்டால் அது இறுகிக்கொள்ளும். ஒருமுறை நான் மறந்ததால், கழற்ற இருவர் தேவைப்பட்டோம்.

கருமருந்துக்கு மாற்றாக விற்கும் மருந்துகளில் பைரோடெக்ஸின் படிவும் அரிக்கும். டிரிபிள் செவனின் படிவு தண்ணீருக்கே கரையும், ஆனால் குழலுக்குள் கடினமான வளையமாகப் படியும். பிளாக்ஹார்ன் 209க்குத் தண்ணீர் போதாது, கரைப்பான் வேண்டும். தோட்டாக்களில் இடும் புகையற்ற மருந்தை இவ்விரண்டு துப்பாக்கிகளிலும் ஒருபோதும் இடக்கூடாது. குழல் வெடித்துச் சிதறும்.

பென்சில்வேனியாவில் அக்டோபர் மான் வேட்டைப் பருவத்துக்கு இன்லைனை எடுத்துச் செல்லலாம். கிறிஸ்துமஸை அடுத்து வரும் தீக்கல் பருவத்திலோ இவ்விரண்டில் தீக்கல் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. அதற்காகவே மைத்துனர் பழையதை விற்கவில்லை.