கோலாலம்பூரில் பொது ஃப்ரீசர் அறை: ஐஸ் அகற்றும் காண்ட்ராக்ட் நீண்டகாலப் பயன்பாட்டில் எப்படி?

கோலாலம்பூரில் பனி பெய்யாது. ஆனாலும் ஐஸ் அகற்றுவதற்கென்று காசு கட்டுகிறவர்கள் இங்கே உண்டு. இரண்டு மூன்று உணவகங்களும் ஒரு கேட்டரிங்காரரும் சேர்ந்து கடைவரிசையில் வைத்திருக்கும் ஆள் உள்ளே நடந்து போகிற மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர் அறையைப் பற்றியது இந்தப் பகிர்வு. ஆட்டிறைச்சி, மீன், உறைந்த பரோட்டா என்று எல்லாருடைய சரக்கும் ஒரே கதவு வழியாகப் போய்வரும். அந்த அறைக்குப் போட்ட ஐஸ் அகற்றும் காண்ட்ராக்ட் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

நம் ஊர்க் காற்றின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் காற்றால் தாங்க முடிவது சுமார் 1 கிராம்தான். மிச்சம் 23 கிராமும் ஏதாவது ஒரு பரப்பில் உறைந்தே தீர வேண்டும். கதவைத் திறந்துபோட்டு 20 கன மீட்டர் காற்று மாறினாலே அரை லிட்டர் தண்ணீர் ஐஸாக உள்ளே வந்துவிடுகிறது. விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து லோரி வந்து, சரக்கு இறக்கி முடிக்கும்வரை கதவு திறந்தே கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைத்து எடுக்கும் வேலையை மட்டும் விற்கிற காண்ட்ராக்டர் மாதாமாதம் வந்துகொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

நல்ல டெக்னீஷியன் அறைக்குள் நுழைந்ததும் சுத்தியலைத் தேடமாட்டார். ஐஸ் எங்கே, எந்த நிறத்தில் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். வெள்ளையாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தால் காற்றிலிருந்து நேராகப் படிந்தது. கண்ணாடி போலத் தெளிவாக, கல்லாக இருந்தால் ஒரு தடவை உருகி, வடியாமல் மறுபடி உறைந்தது. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் கதவு. இரண்டாவதற்கு டிஃப்ராஸ்ட் (படிந்த ஐஸை ஹீட்டரால் உருக்கும் சுற்று) அல்லது வடிகால். கதவுக்கு நேர்மேலே கூரையில் பூப்பூவாகப் படிந்திருந்தால் வெளிக்காற்று மேல்பக்கமாக உள்ளே வருகிறது என்று பொருள். பேனல் இணைப்பிலோ ஒயர் நுழையும் துளையிலோ கோடு போட்டதுபோல் உறைந்திருந்தால் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) விட்டுப்போயிருக்கிறது. காயிலில் (அறையைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியில்) கேஸ் நுழைகிற பக்கம் மட்டும் உறைந்து மறுபாதி காய்ந்திருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கோளாறாக இருக்கலாம். இதை ஐஸ் அகற்றும் ஆளிடம் சொல்லிப் பயனில்லை, குளிர்சாதன ஆள்தான் வர வேண்டும்.

அதிகம் பணம் வீணானது டிஃப்ராஸ்ட் விஷயத்தில். கன்ட்ரோலரில் பொதுவாக 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 30 நிமிடம் என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மார்ச்-ஏப்ரலிலும், அக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி கொட்டுகிற காலத்தில் கதவு அதிகம் திறக்கும் அறைக்கு அது போதாது, 4 மணி நேரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகக் கண்டபடி கூட்டவும் கூடாது. 3 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் வீதம் நாளுக்கு 4 தடவை ஓடினால் 6 யூனிட். அந்தச் சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளக் கம்ப்ரசர் தனியாக ஓட வேண்டும். ஆகக் கரன்ட் பில் இரண்டு பக்கமும் ஏறும்.

ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒயரைக் கவ்விக் கரன்ட் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர் போதும். 1 கிலோவாட் ஹீட்டர் மூன்று இருந்தால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் காட்ட வேண்டும். 8.7 காட்டினால் ஒன்று போய்விட்டது. அறை அப்போதும் குளிராகத்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. காயிலின் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ் கெட்டியாகிக்கொண்டே போகும். எங்களுக்குச் சேவை செய்த ஒரு நிறுவனம் சர்வீஸ் தாளில் 'டிஃப்ராஸ்ட் ஓகே' என்று டிக் போட்டுக்கொண்டே வந்தது, ஆம்பியர் எண் ஒரு இடத்திலும் இல்லை. எண் எழுதாத டிக்குக்கு மதிப்பே கிடையாது.

டிஃப்ராஸ்ட்டை நிறுத்தும் சென்சார் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். காயிலில் கடைசியாக உருகுகிற இடத்தில்தான் அது இருக்க வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் இருந்தால் சென்சாருக்குச் சீக்கிரம் சூடு ஏறி ஹீட்டர் அணைந்துவிடும், அடிவரிசை ஐஸ் அப்படியே நிற்கும். அடுத்த சுற்றில் அதன்மேல் இன்னொரு படலம். சில வாரத்தில் காயிலின் அடிப்பகுதி ஒரே கட்டியாகிவிடும். டிஃப்ராஸ்ட் முடிந்த கையோடு ஃபேன் சுழன்றாலும் தொல்லைதான். சொட்டு வடிவதற்குச் சில நிமிடம் கொடுத்து, காயில் மைனஸ் 5 அளவுக்கு இறங்கிய பிறகே ஃபேன் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர்த் துளிகளை அள்ளிச் சரக்குப் பெட்டிமேல் வீசும். பெட்டிமேல் பனித்தூள் படிந்திருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வடிகாலைப் பற்றிச் சுருக்கமாக: குழாய் மீட்டருக்கு 4 சென்டிமீட்டராவது சரிய வேண்டும். உள்ளே இருக்கும் நீளம் முழுக்க ஹீட்டர் ஒயர் சுற்றியிருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் வளைவு அறைக்கு வெளியே இருக்க வேண்டும். வளைவை உள்ளே போட்டால் உறையும், போடாமலே விட்டால் வெளிக்காற்றைக் குழாய் உறிஞ்சும்.

கதவுக்கு வருவோம். கேஸ்கெட்டில் (கதவோர ரப்பரில்) தாள் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பிடிப்பில்லை. மூடிய உடனே மறுபடி திறக்க வராமல் கதவு இறுகினால் அது நல்ல கேஸ்கெட்டின் அடையாளம், பயப்பட வேண்டாம். உள்ளே போன சூடான காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுவரில் இருக்கும் அழுத்த வால்வு அதைச் சமன் செய்யும். ஆனால் அந்த வால்வின் சிறிய ஹீட்டர் பழுதாகி வால்வே உறைந்துபோனால், அறை தனக்கு வேண்டிய காற்றைக் கேஸ்கெட், பேனல் இடுக்கு வழியாக இழுக்கத் தொடங்கும். எத்தனையோ 'காரணம் தெரியாத' ஐஸுக்கு இதுதான் காரணம். பிளாஸ்டிக் திரை வாங்கும்போது ஃப்ரீசருக்கான ரகத்தைக் கேளுங்கள். சாதாரண ரகம் குளிரில் விறைத்து வெடிக்கும், கையில் படுவதால் பையன்கள் அதைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்ட திரை இருந்தும் இல்லாததும் ஒன்று. இடம் இருந்தால் ஃப்ரீசருக்கு முன்னால் 2 முதல் 4 டிகிரியில் ஒரு சில்லர் அறை வைத்து அது வழியாக நுழைவதுதான் சிறந்த வைத்தியம். செலவு கூடுதல், ஆனால் நாங்கள் முயன்றவற்றில் இவ்வளவு வித்தியாசம் காட்டியது வேறெதுவும் இல்லை.

தரையில் உப்புத் தூவுகிற பழக்கம் சில சமையலறைகளில் உண்டு. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சாதாரண உப்புக் கரைசல் உறையாமல் தாக்குப்பிடிக்கும் கடைசி எல்லையே மைனஸ் 21 டிகிரி, அதுவும் சரியான அளவில் கரைந்திருந்தால்தான். மைனஸ் 18இல் அது ஐஸை உருக்குவது பெயரளவுக்குத்தான். அலுமினியத் தகட்டை அரிப்பதில் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டும். புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த ஃப்ரீசர் தரைக் கிளீனரைப் பயன்படுத்துங்கள். எத்திலீன் கிளைக்கால் நச்சு, உணவு இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

முழுக்க உறைந்த காயிலைச் சுத்தம் செய்யும்போது உளி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கிட்டவே வரக்கூடாது. ஒரு குத்து தப்பினால் குழாய் ஓட்டையாகி உள்ளே ஓடும் ஆர்-404ஏ குளிரூட்டும் கேஸ் முழுவதும் போய்விடும். சரக்கை வேறு ஃப்ரீசருக்கோ குளிர் லோரிக்கோ மாற்றி, மெயினை அணைத்துப் பூட்டி, ஃபேன் மோட்டாரைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு, மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணீரை விட்டாலே போதும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி அளவில் வருகிறது. 1 கிலோ ஐஸ் உருகக் குறைந்தது 3 லிட்டராவது பிடிக்கும். 20 கிலோ ஐஸ் என்றால் 60 லிட்டர், அதோடு உருகிய 20 லிட்டரும் காயிலுக்குக் கீழுள்ள தட்டில் சேரும். வடிகால் அடைத்திருந்தால் மொத்தமும் தரைக்குத்தான் வரும். ஆகவே முதலில் வடிகாலைத் திறந்துவிட்டுப் பிறகு காயிலைத் தொடுங்கள். கொதிநீர் வேண்டாம், கிளம்பும் ஆவி சுவரெல்லாம் படிந்து அன்றிரவே உறையும். தரையை ஈர வேக்குவமால் உறிஞ்சி, துடைத்து, காய்ந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வேலை நடக்கும்போது உள்ளே ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. கதவின் உட்புறத் திறப்பான் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறை மாடியில் இருந்தால் கீழ்க்கடைக் கூரையில் ஈரம் ஊறுவது சண்டையாகவே முடியும். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குக் கட்டடத் தனியுரிமை) நிர்வாகச் சட்டப்படி, மாறாக நிரூபிக்கும்வரை கோளாறு நேர்மேலே இருக்கும் யூனிட்டில்தான் என்று கொள்ளப்படும். பல வேளை அது கசிவாகவே இருக்காது. தரைக் காப்பு போதாமல் கீழ்ப்பக்கம் குளிர்ந்து வேர்ப்பதுதான். அதை ஐஸ் காண்ட்ராக்டில் தீர்க்க முடியாது, தரைப் பேனலை மாற்ற வேண்டும்.

காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது நாங்கள் சேர்த்துக்கொண்டவை இவை: ஒவ்வொரு வருகையிலும் ஹீட்டர் ஆம்பியர், டிஃப்ராஸ்ட் முடியும் வெப்பநிலை, வடிகால் ஹீட்டர் ஒயரின் ஆம்பியர் மூன்றையும் எண்ணாக எழுத வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னும் காயிலின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், அதே இடத்தில் ஒரு மாதத்துக்குள் ஐஸ் திரும்பினால் மறுவருகைக்குக் கட்டணம் இல்லை. கடைசி நிபந்தனைக்குச் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. கதவை நீங்கள் திறந்துபோட்டால் நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. கதவு திறந்திருக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறிய லாகரை மாட்டிய பிறகு அந்த வாக்குவாதம் நின்றது. எந்தக் கடைக்காரர் கதவை எவ்வளவு நேரம் திறந்து வைத்தார் என்று நேரத்தோடு தெரிவதால், கட்டணத்தைப் பங்கு போடவும் அதையே எடுத்துக்கொள்கிறோம்.